அரை மணி நேரத் தண்ணீர்

பங்குனி ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்து குளித்தேன். பால் வாங்கி வைத்துவிட்டு, வேங்கிக்காலிலிருந்து ஆறேகால் பஸ்ஸில் ஊருக்குப் புறப்பட்டேன். சில ஆண்டுகளுக்கு முந்தைய அந்த டைரிப் பக்கத்தில் மீதி முழுவதும் நாங்கள் நீர்க்கட்டி என்று அழைத்தவரைப் பற்றித்தான். கீழ்பென்னாத்தூருக்கு அப்பால் எங்கள் ஊர் ஏரியின் மதகைத் திறந்து, முறைப்படி வயல்களுக்குத் தண்ணீர் விட்டு வந்தவர். இப்போது அவர் இல்லை.

தாத்தாவுக்கு ஞாயிறும் திங்களும் காலை ஆறு மணியிலிருந்து நான்கு நான்கு மணி நேரம் தண்ணீர் முறை இருந்தது. அவருடைய நான்கு பிள்ளைகளுக்கு ஆளுக்கு இரண்டு மணி நேரம். எங்கள் தலைமுறையில் பதினாறு பங்கு. நிலத்தைப் பிரித்ததுபோலவே தண்ணீரையும் பிரித்தோம். ஆளுக்கு அரை மணி. மூத்தவருக்கு முதலில் என்ற வழக்கப்படி அட்டவணை எழுதி, வீட்டுக்கு ஒரு ஜெராக்ஸ் கொடுத்தவன் நான். அதில் ஒரு நிமிடம்கூடப் பிசகில்லை.

அன்று எட்டு மணிக்கு, இறந்துபோன அண்ணனின் மனைவிக்கு முறை. அவர் வயல் வாய்க்காலின் கடைசியில் இருந்தது. நெல் பால் பிடிக்கும் பருவம். அதுவரை தண்ணீர் வேறு கிளைகளில் போனதால் காய்ந்து கிடந்த வாய்க்காலை நனைத்துக்கொண்டு தண்ணீர் வயலுக்கு வந்து சேர்ந்தபோது எட்டு இருபத்தைந்து. எட்டரைக்கு நீர்க்கட்டி வயல் மடையை அடைத்துவிட்டார்.

"ஏம்பா, உன் பேப்பர்ல என் பேரு இருக்குது. என் வயல்ல தண்ணி இல்லியே" என்றார் அண்ணி.

நீர்க்கட்டி சிரித்தார். "ஜெராக்ஸ் எடுத்தா பேப்பர்தான் ஜாஸ்தி ஆவும் சார், ஏரி ஆவாது. பதினாறு பேருக்கும் பங்கு போட்டீங்க, வாய்க்கா குடிக்கறதுக்குப் போட்டீங்களா?"

எங்களில் யாரும் பங்குக்கு மேல் ஒரு சொட்டு எடுக்கவில்லை. ஆனாலும் ஏரியிலிருந்து எங்களுக்கு வந்த தண்ணீரில் பெரும்பகுதி ஒருவருக்கும் பயன்படாமல் வாய்க்கால் மணலுக்குப் போய்க்கொண்டிருந்தது. தாத்தா காலத்தில் ஒரு காலைக்கு ஒருமுறை நனைந்த வாய்க்கால்களை, நாங்கள் பதினாறு பேரும் தனித்தனியாக நனைத்துக்கொண்டிருந்தோம்.

"நாளைக்கு உங்க முறை, உங்க தம்பிங்க ரெண்டு பேரு முறை, மூணையும் சேத்து வுட்டா அண்ணி பயிரு பொழைக்கும். இல்லன்னா பதருதான். உங்களுக்கு அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்றார் அவர்.

எங்கள் மூன்று வயல்களும் அதே வாய்க்காலில் சற்று மேலே இருந்தன. அவையும் வெடிக்கத் தொடங்கியிருந்தன. தம்பிகளுக்கு போன் செய்தேன். பெரியவன் உடனே ஒப்புக்கொண்டான். சின்னவன், "என் நெல்லு மட்டும் பிளாஸ்டிக்காண்ணா?" என்றான். பிறகு அவனே, "சரி, அண்ணிக்குதானே" என்று வைத்துவிட்டான்.

அன்று ஊரிலேயே தங்கினேன். மறுநாள் காலை முதல் வேலையாக, ஆறு மணிக்கு முன்பே, தண்ணீர் உள்ளே திரும்பாதபடி என் வயல் மடையை மண் போட்டு அடைத்தேன்.