டொக்டர் யோகாம்பிகை வெட்டிய சொல்

மூதூர் போகும் லாஞ்சுப் படகில் ஏறக் காலெடுத்து வைத்தபோதுதான் மரணச் செய்தி வந்தது. "மாஸ்டர், நம்மட டொக்டரம்மா மௌத்தாகிட்டா. பாலையூற்று வீட்டிலதான்," என்றார் லாஞ்சுக்காரர். வைத்த காலை எடுத்துக்கொண்டு திரும்பினேன். அன்று பள்ளிக்கூடம் நான் இல்லாமல் நடந்தது.

டொக்டர் யோகாம்பிகையைத் துறைமுகப் பக்கத்து மக்கள் பிரசவத்துக்கும் காய்ச்சலுக்கும் அறிவார்கள். எங்களில் சிலருக்கு அவர் வேறு பாடமும் எடுத்தவர். அறுபதுகளில், பல்கலைக்கழக விடுமுறைக்கு ஊர் வரும் மாணவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தோம். கப்பல்கள் வந்துபோகும் ஊர், கட்டுக்கடங்காத வயது. அதனால் அவரைப் பேசக் கூப்பிட்டோம். செயலாளர் நான். 'பெண் வியாதியும் தடுப்பும்' என்று நோட்டீஸ் எழுதி ஒட்டியதும் நானே. உடலுறவால் தொற்றும் நோய்களுக்கு ஆண்கள் வாயில் அப்படித்தான் பெயர்.

விளைவு, கர்ப்பப்பைக் கோளாறு பற்றிய பேச்சென்று நினைத்து மாணவிகள் முன்வரிசைகளை நிரப்பிவிட்டார்கள். நாங்கள் பின்னால் நெளிந்தோம். நான் டொக்டரிடம் போய், "விசயம் வேறயெண்டு சொல்லிப் பிள்ளையளை அனுப்புவமோ?" என்று மெல்லக் கேட்டேன்.

"அனுப்புங்கோ. நானும் போறன். நானும் பொம்பிளைதானே," என்றார்.

ஒருவரும் போகவில்லை. டொக்டர் என் தலைப்பைக் கரும்பலகையில் எழுதி, 'பெண்' என்ற சொல்லை மட்டும் குறுக்கே வெட்டினார். "இந்தப் பேரை வைச்ச ஆம்பிளை தன்ர வருத்தத்தை ஒரு டொக்டருக்கும் காட்டியிருக்க மாட்டான்," என்றார். பிறகு சிபிலிஸ், வெட்டை என்று ஒவ்வொன்றாக, எப்படித் தொற்றும், புண் ஆறிய பின்னும் இரத்தத்தில் எப்படி ஒளிந்திருக்கும் என்று பஸ் நேரம் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டே போனார். அவர் சொன்ன புண் எனக்கு வந்து, களிம்பு பூசி, ஆறியிருந்தது. மூன்றாம் வரிசையில் சரஸ்வதி இருந்தாள். எங்களுக்குக் கலியாணப் பதிவு முடிந்திருந்தது. தாலிகட்டு ஆறு வாரத்தில். நல்லகாலம், நான் அவள் கையைக்கூடத் தொட்டிருக்கவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய், கூட்டாளி ஒருவனுக்கு வருத்தம் என்று தொடங்கினேன். "கூட்டாளியின்ர சட்டைக் கையை மடிச்சுவிடுங்கோ, ரத்தம் எடுக்கவேணும்," என்றார். சிபிலிஸ்தான். பென்சிலின் ஊசி போட்டார். ஒரு வார்த்தை ஏசவில்லை. மூன்று மாதம் கழித்துத் திரும்ப இரத்தம் பார்த்த பிறகே கலியாணம் என்றார். தாலிகட்டு தள்ளிப்போவதற்குக் காரணமாக வீட்டாருக்குக் காட்ட, 'செங்கண்மாரி', அதாவது மஞ்சள் காமாலை, என்று ஒரு துண்டுச்சீட்டு எழுதித் தரும்படி கெஞ்சினேன்.

"ஏலாது. இதுக்குப் பொய்ப்பேர் வைச்சது போதும். வீட்டாருக்கு ஒண்டும் சொல்லத் தேவையில்லை. அந்தப் பிள்ளைக்குச் சொல்லுங்கோ."

இரண்டு நாள் எனக்குச் சரியான கோபம். மனுசி என் வாழ்க்கையைக் கெடுக்கப் பார்க்கிறா என்றே நினைத்தேன்.

மூன்றாம் நாள் சரஸ்வதியிடம் சொன்னேன். சுற்றி வளைக்காமல் நோயின் பெயரைச் சொன்னேன். அவள் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "திரும்ப ரத்தம் எத்தினை மாசத்தால பாக்கவேணும் எண்டவ?" என்று கேட்டாள்.

"மூண்டு."

"அப்ப அதுக்குப் பிறகு நாள் வைக்கட்டும். எனக்குப் படிச்சு எழுதச் சோதினை இருக்கெண்டு வீட்டில நான் சொல்லுறன். அதுவரைக்கும் நீங்கள் இந்தப் பக்கம் வரவேண்டாம்."

அவளும் அந்தப் பேச்சை முழுதாகக் கேட்டவள். அதனால் பயப்பட வேண்டியது எது, பொறுத்திருக்க வேண்டியது எவ்வளவு என்று தெரிந்திருந்தது. நான் நினைத்தபடி மாணவிகளை அனுப்பியிருந்தால், அன்று அவள் என்ன முடிவெடுத்திருப்பாளோ தெரியாது. இதற்காக டொக்டருக்கு நான் ஒருநாளும் நன்றி சொன்னதில்லை. வழியில் கண்டால், "கூட்டாளி சுகமோ?" என்பார். வெட்கத்தோடு சிரித்துவிட்டுப் போய்விடுவேன். அது இப்போது மனதை அறுக்கிறது.

இந்த நினைவு மலரில், அவரை அறிந்த உங்கள் முன் இதை என் பெயரோடு எழுதலாமா என்று சரஸ்வதியிடம் கேட்டேன். "எழுதுங்கோ. அவ அண்டைக்கு அந்தத் துண்டை எழுதித் தந்திருந்தா, நான் இவ்வளவு காலமும் ஆரோ ஒருத்தரோட குடியிருந்திருப்பன்," என்றாள். டொக்டரிடமிருந்து நான் பெற்று வைத்திருப்பது, என்னை யாரென்று தெரிந்துகொண்டே என்னோடு வாழும் இந்த ஒருத்தியைத்தான்.