மாருயாவின் சுரைக்குடுக்கை

மாருயா வாயைத் திறந்தால் படகில் மற்றவர்கள் அடங்கிவிடுவார்கள். அவளுக்கு நடுக்கடலில் பெண் குழந்தை பிறந்தது. நஞ்சுக்கொடியைப் புதைக்க மண் வேண்டும். விட்டு வந்த தீவு மறைந்து நாளாகிவிட்டது. தேடிப் போகும் தீவு இன்னும் கண்ணில் படவில்லை.

“கடல்ல போட்டுடுங்க அண்ணி, நாத்தம் தாங்கல,” என்றான் கொழுந்தன் தேமானா.

“போட்டா எம்மவ ஊரில்லாதவளா அலைவா. நீ மூக்கைப் பொத்திக்கிட்டுத் துடுப்பைப் போடு.”

அதைச் சுரைக்குடுக்கையில் அடைத்து, கொண்டுவந்த ஈரப்பலாக் கன்றின் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். தன் பங்குக் குடிதண்ணீரில் பாதியைக் கன்றுக்கு ஊற்றினாள்.

ஒரு காலையில் தீவு தெரிந்தது. கரையேறியதும் எல்லோரும் ஊற்றைத் தேடி ஓடினார்கள். மாருயா மட்டும் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு, கிளிஞ்சலால் குழி தோண்டினாள். நஞ்சுக்கொடியைப் புதைத்து, அதன்மேல் கன்றை நட்டாள்.

தேமானா சிரட்டையில் தண்ணீர் கொண்டுவந்தான். நாக்கு வறண்டிருந்த அவள் கையை நீட்டினாள். அவன் கொடுக்கவில்லை, குனிந்து கன்றின் அடியில் ஊற்றினான்.

“முதல்ல உங்க மகளுக்கு. நாமெல்லாம் வந்தவங்க அண்ணி. இங்க ஊர்க்காரி இவ ஒருத்திதான்.”