டெரியருக்குச் சனிக்கிழமை எண்ணெய்

ஐந்தாம் வகுப்புக்கு மேல் நான் படிக்கவில்லை. ஆனால் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் தகரக் கொட்டகையில் மோட்டார் வைண்டிங் பட்டறை தொடங்கி, அதைக் கான்கிரீட் கூரைக்குக் கொண்டுவந்தவன் நான். இன்ஜினியர்கள் 'செத்துப்போச்சு' என்று கைகழுவிய மோட்டார்களையெல்லாம் ஓட வைத்தவன் நான். கடைக்கால் நிற்காது என்று மேஸ்திரியே பயந்த களிமண் மனையில், பொன்னேரியில் மாடி வீடு எழுப்பியவனும் நான்தான். இந்தப் பட்டியலில் கடைசியாக ஒரு நாயின் முடியையும் சேர்க்க வேண்டியிருக்கிறது. சிரிப்பவர்கள் சிரித்துவிட்டு மேலே படிக்கலாம்.

நாய் என் மருமகளுடையது. யார்க்‌ஷயர் டெரியராம். உடம்பு ஒரு முழம்கூட இல்லை. முடி மட்டும் தரையைப் பெருக்கும். எங்கள் பக்கத்து நாய்கள் நெற்களத்தில் காவல் கிடக்கும். இது மின்விசிறியைப் பார்த்துக் குரைக்கும். இதற்கு மூன்று சீப்பு, ஒரு பிரஷ், இரண்டு ஷாம்பு, நெற்றி முடியைக் கட்ட ரிப்பன். ஆயுசு முழுக்க நான் ஒரே சீப்போடு வாழ்ந்தவன். அதுவும் இப்போது வேலையில்லாமல் கிடக்கிறது.

சென்னையில் நடக்கப்போகும் நாய்க் கண்காட்சிக்காக எட்டு மாதம் அந்த முடியைச் சீவி வளர்த்தாள் மருமகள். அதை நான் மறுக்கவில்லை. கண்காட்சிக்கு முந்தைய வாரம் ஆபீஸ் வேலையாக வெளியூர் போனாள். "தெனம் வாரி மட்டும் வுடுங்க மாமா. குளிப்பாட்டாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

நடுவில் சனிக்கிழமை வந்தது. எங்கள் வீட்டில் சனிக்கிழமை ஆண்பிள்ளைக்கு எண்ணெய்க் குளியல். நாயும் ஆண்தானே? நல்லெண்ணெயைச் சூடு காட்டி, உச்சியிலிருந்து வால் வரை தேய்த்தேன். சீயக்காய் போட்டுக் கசக்கினேன். என் மகனுக்குச் செய்ததுபோலவே துண்டால் அழுத்தித் துவட்டி வெயிலில் விட்டேன். மத்தியானம் போய்ப் பார்த்தால், தேங்காய் நார் மிதியடி ஒன்று வாலாட்டிக்கொண்டு நின்றது.

"இன்னாய்யா பண்ணி வெச்சிகீறே? நாயா இது, கால் தொடைக்கிற மேட்டா?" என்றாள் என் மனைவி.

"நல்லெண்ண ஒடம்புக்குக் குளிர்ச்சிடி."

"மருமவ வந்து பாக்கட்டும். உனுக்கே குளுந்துபூடும்."

மருமகள் வந்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன், நாயை மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். சென்னையில் நாய்களுக்கென்றே இருக்கும் பார்லருக்கு நானும் கூடப் போனேன். கையுறை போட்ட ஓர் ஆள் இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தான். "மொத்தமா மிஷின் போட்டு எடுத்துடணும். வேற வழியே இல்ல" என்றான். "அடுத்த வருஷம் பாத்துக்கலாம் வுடு" என்றான் என் மகன். அவனைப் படிக்க வைத்தவன் நான், என்ன செய்வது.

வேறு வழியே இல்லை என்பவர்களை வைத்துத்தான் நான் பிழைத்தேன். "கத்திரிய எவனாவது எடுத்தீங்கன்னா பாரு" என்று நாயைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வைண்டிங் வேலை தெரிந்தவனுக்குச் சிக்கு புதிதல்ல. மோட்டாரில் சுற்றும் மெல்லிய செம்புக் கம்பி சிக்கிக்கொண்டால் அடியிலிருந்து இழுக்கக் கூடாது, அறுந்துவிடும். நுனியிலிருந்து தொடங்க வேண்டும்; சிக்குக்கு மேலே இரண்டு விரலால் பிடித்துக்கொண்டால் இழுப்பு அடிக்குப் போகாது. சோளமாவைத் தூவி எண்ணெயை உறிஞ்ச விட்டேன். கம்பியை மோட்டாரின் பள்ளத்தில் அழுத்தும் மூங்கில் குச்சி ஒன்றின் முனையை மழுக்கி, இழை இழையாகப் பிரித்தேன். ஐந்து நாள். காதுகளுக்கே ஒரு நாள் போனது. முதல் நாள் இரண்டு முறை கடித்தது. மூன்றாம் நாள் என் மடியிலேயே குறட்டை விட்டது.

"என் தலைய ஒரு நாளாச்சும் இப்டி வாரி வுட்டுக்கிறியா?" என்றாள் மனைவி.

"நீ கடிச்சா ஆறாதேடி."

ஒரு முடிகூட வெட்டவில்லை. கடைசி நாள் மருமகள் ஷாம்பு போட்டு உலர்த்தியபோது பட்டுப்புடவை மாதிரி விழுந்தது.

கண்காட்சியில் மூன்றாம் பரிசு. நடுவர் முடியைத் தூக்கிப் பார்த்து, "யாரும்மா இதைப் பராமரிக்கிறது?" என்று கேட்டார். "வீட்லயே நான்தான் சார். வீடியோ பாத்துக் கத்துக்கிட்டேன்" என்றாள். தண்ணீர்க் கிண்ணத்தோடு நான் பின்னால்தான் நின்றிருந்தேன். நாய் மட்டும் திரும்பி என்னைப் பார்த்தது.

நல்லெண்ணெய்க் கதையோ திருப்பாச்சூர் சம்பந்தி வீடு வரைக்கும் போய்விட்டது. அதில் முதல் வரியிலேயே நான் வருகிறேன். வரட்டும், எண்ணெய் வைத்தது நான்தான். அப்படியானால் கூடத்தில் மாட்டியிருக்கிற அந்த மூன்றாம் பரிசுச் சான்றிதழுக்குக் கீழே, 'சிக்கெடுத்தது மாமனார்' என்று ஒரு வரி எழுத வேண்டும். தமிழில் எழுத வேண்டும். கண்ணாடி போடாமல் நான் படிக்கிற அளவுக்குப் பெரிய எழுத்தில்.