ஈஸ்வரன் தூக்கிய பை

என் பெரியப்பா மகன் அழகுமலை அண்ணனுக்குக் கடைசிப் பிள்ளை ஈஸ்வரன். மேலே இரண்டும் பெண்கள். ஒருத்தியைப் போடியில் கொடுத்தார்கள், இன்னொருத்தியைச் சங்கரன்கோவில் பக்கம் சொந்தத்திலேயே கொடுத்தார்கள். அண்ணன் சின்னக்கானல் தேயிலை எஸ்டேட்டில் கவாத்து வெட்டியவர், மதினி சாந்தம்மாள் கொழுந்து எடுத்தவள். இவன் மட்டும் தோட்டத்தில் பேர் பதிய மாட்டேன் என்று சொல்லி, மலை பார்க்க வருகிறவர்களுக்குச் சுமை தூக்கப் போனான்.

வருகிறவர்கள் கையை வீசிக்கொண்டு ஏறுவார்கள். கூடாரம், காஸ் அடுப்பு, குக்கர், அரிசி, தண்ணீர்க் கேன் எல்லாம் இவன் முதுகில் ஏறும். அவர்கள் நின்று நின்று போட்டோ எடுத்து வருவதற்குள் இவன் மேலே போய்க் கூடாரம் அடித்து டீ போட்டு வைத்திருக்க வேண்டும். மீசை முளைக்கிற வயதில் போனவன். இப்போது அந்த மீசையில் பாதி வெள்ளை.

போன மழை விட்டதும் வலது முழங்கால் வீங்கியது. படம் எடுத்துப் பார்த்த டாக்டர், இனிமேல் பாரம் தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அது அவன் பெண்டாட்டி ராமலட்சுமிக்கு மட்டும்தான் தெரியும். அவளும் கொழுந்துக்காரி. சாயங்காலம் வந்தால் கையைத் தூக்கித் தலை சீவ முடியாமல் உட்கார்ந்திருப்பாள். இவன் நின்றுவிட்டால் வீடு முழுக்க அவள் தோளில்தான் ஏறும். அதனால் அவள் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்தாள்.

அந்த நேரம் பார்த்து, ஆள் வைத்து வேலை வாங்குகிற டிரெக்கிங் ஆபீஸ் மலையாளி ரிஜின் போன் பண்ணினான். புதன்கிழமை பெரிய கூட்டம் வருகிறதாம், மூன்று நாள் நடை.

"ஈஸ்வரா, உறப்பா, நிச்சயமாச் சொல்லு. நீ உண்டா இல்லையா? ஞாயித்துக்கெழமைக்குள்ள சொல்லிரு. இல்லைன்னா உன் எடத்துக்கு ஒரு பையன் ரெடியா நிக்கிறான். அவனையே நிரந்தரமா வச்சுக்குவேன்."

சொல்கிறேன் சாரே என்று வைத்துவிட்டான். டாக்டர் சொன்னதை நம்புவதா, காலை நம்புவதா என்று அவனுக்குத் தெரியவில்லை. முழுப் பாரத்தோடு ஒரு தடவை ஏறிப் பார்த்துவிடுவது என்று முடிவு பண்ணினான். ஏறிவிட்டால் ரிஜினுக்கு வருகிறேன் என்று சொல்வது. தனியாகப் போகப் பயம். கூட்டாளிகளைக் கூப்பிட்டான், காரணத்தைச் சொல்லவில்லை.

கூட்டாளிகள் என்றால் எஸ்டேட் வரிசை வீட்டில், ஒரே லயத்தில் வளர்ந்தவர்கள். அருண்பாண்டி ரிசார்ட்டில் சமையல்காரன். அவன் பெண்டாட்டி இந்து, ஈஸ்வரனுடைய சித்தி மகள், தங்கச்சி முறை, கொழுந்து எடுக்கிறாள். இன்னொருவன் பெரியமுத்து, ஃபாக்டரியில் இலை வாட்டுகிற இடத்தில் வேலை, உடம்பும் பேருக்கு ஏற்ற உடம்பு. ஊருக்கெல்லாம் மலையைக் காட்டுகிறாய், எங்களைக் கூட்டிப்போக மாட்டாயா என்று இவர்கள் கேட்டுக் கேட்டு ஓய்ந்து போயிருந்தார்கள். சனிக்கிழமை ஒருவர் லீவு சொல்லி, ஒருவர் டூட்டி மாற்றி, காந்தலூருக்கு ஜீப் ஏறினார்கள்.

மேலே ஈஸ்வரனுக்குத் தெரிந்த ஒருத்தருடைய புல்வெளி. கூடாரம் போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தார். அடிவாரத்தில் இறங்கியதும் ஈஸ்வரன் எல்லாச் சாமானையும் தன் பைக்குள் அடுக்க ஆரம்பித்தான்.

"மச்சான், நாங்க என்ன உன் டூரிஸ்ட்டா? குக்கரயாவது இங்க குடு" என்றான் அருண்பாண்டி.

"நீ சும்மா வா. சொமக்குறது என் வேல."

"விடுடே, ஆசப்படுதான்ல" என்றான் பெரியமுத்து. "அப்படியே என்னையும் தூக்கிப் பைக்குள்ள போட்டுக்கிட்டா நல்லாருக்கும். லீவு கெடச்சா தூங்குற மனுசன மலையேத்திக் கொல்லுதீங்க."

"உங்களத் தூக்குறதுக்கு ஜேசிபிதான் வரணும் அண்ணே" என்றாள் இந்து.

பூண்டுப் பாத்திகளைத் தாண்டி, யூக்கலிப்டஸ் காட்டுக்குள் நுழைந்த பிறகு சிரிப்பு நின்றது. நாலு பேருக்கும் ஒரு வாரத்துக் களைப்பு உடம்பில் இருந்தது. அருண்பாண்டி முந்தின ராத்திரி கல்யாணப் பார்ட்டி ஒன்றுக்குச் சமைத்துவிட்டுத் தூங்காமல் வந்தவன். இந்துவுக்குக் கொழுந்து வெட்டும் கத்திரி பிடித்துப் பிடித்துக் கை மரத்திருந்தது. பேச யாருக்கும் மூச்சு இல்லை. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் தரையைப் பார்த்தே ஏறினார்கள்.

ஓடை வந்ததும் உட்கார்ந்தார்கள். ஈஸ்வரன் மட்டும் உட்காராமல் கேனை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்க இறங்கினான். இந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணன் கால வச்சு எறங்குறதப் பாத்தீங்களா? நண்டு மாதிரி சைடுலயே எறங்குது."

"வலிக்கும்போல. கேட்டா சொல்ல மாட்டான்" என்றான் அருண்பாண்டி.

"கேக்காண்டாம்" என்று சொல்லிவிட்டு அவள் ஈஸ்வரனுடைய பையைத் திறந்தாள்.

கொழுந்துக்காரிகளுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கூட எடுக்கிறவள் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தாலோ, காய்ச்சலோடு வந்திருந்தாலோ, எடைக்குப் போகும் முன்பு அவள் சாக்கில் மற்றவர்கள் தங்கள் கொழுந்தை அள்ளிப் போட்டுவிடுவார்கள். சொல்லிக்கொண்டு போட மாட்டார்கள். ஒரேயடியாகவும் போட மாட்டார்கள். இவள் ஒரு கை, அவள் ஒரு கை. வாங்குகிறவளுக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருப்பாள். இந்துவுக்குக் கை பழகிய காரியம் அது, இங்கே தலைகீழாகச் செய்தாள். ஓடைக்கரையில் அரிசியையும் காஸ் அடுப்பையும் எடுத்துத் தங்கள் பைகளில் மாற்றினாள். அந்த இடத்தில் தங்கள் கம்பளிகளைத் திணித்துப் பையைப் பழையபடி உப்ப வைத்தாள். அடுத்து நின்ற இடத்தில், ஈஸ்வரன் ஒதுங்கப் போன நேரம், குக்கரும் கூடாரத்துக் கம்பிகளும் மாறின.

"என் பேக்குல இனி எடமில்ல தாயி" என்று பெரியமுத்து முனகினான்.

"வயித்துல இருக்குல்ல, அங்க வச்சுக்கங்க" என்றாள்.

அத்தனை வருடம் தூக்கினவனுக்குப் பாரம் குறைந்தது தெரியாதா என்று கேட்கலாம். எனக்கும் அந்தச் சந்தேகம் இருக்கிறது. இறக்கி வைத்துவிட்டுத் தூக்கினால் சுமை லேசாகத் தோன்றுவது உண்டு என்று அவன் சொல்கிறான். அன்றைக்கு லேசாக இருக்கவேண்டும் என்று அவன் ரொம்ப வேண்டியிருப்பான்.

பொழுது சாய்வதற்கு முன்பு மேலே போய்விட்டார்கள். ஈஸ்வரன் பையை இறக்கி வைத்தான். முழங்காலை மடக்கி நீட்டிப் பார்த்தான். திரும்ப மடக்கினான். முகமெல்லாம் சிரிப்பு. மற்ற மூன்று பேரும் புல்லில் மல்லாந்து கிடந்தார்கள்.

"இப்ப சொல்லுதேன் கேளுங்க. இந்தக் கால வச்சுப் பாரமே தூக்கக் கூடாதுன்னுட்டாரு டாக்டரு. அதப் பாத்திரலாம்னுதான் உங்களயும் இழுத்துட்டு வந்தேன். இம்புட்டுப் பாரத்தோட ஏறியாச்சு, ஒரு நோவு இல்ல!"

படுத்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இந்து எழுந்து உட்கார்ந்தாள். "அண்ணே..." என்று அவள் தொடங்குவதற்குள் அவன் போனை எடுத்துக்கொண்டு பாறை மேல் ஏறிவிட்டான். பாறையில்தான் சிக்னல்.

"சாரே, ஈஸ்வரன். புதன்கெழம நான் உண்டு. ஆமா, உறப்பு." கத்திப் பேசினான். கீழே மூன்று பேருக்கும் கேட்டது.

இறங்கி வந்து, "குக்கரப் பிடி அருண்பாண்டி" என்று பையைத் திறந்தான். ஒரு கம்பளி வந்தது. அதற்குக் கீழே இன்னொரு கம்பளி. அதையும் எடுத்துப் போட்டுவிட்டு உள்ளே கையை விட்டுத் துழாவினான். பெரியமுத்து எழுந்து தன் பையிலிருந்து குக்கரை எடுத்து அவன் முன்னால் வைத்தான்.

"எப்ப?" என்றான் ஈஸ்வரன்.

"ஓடையில பாதி, அப்பறம் பாதி" என்றாள் இந்து. "நீங்க சொல்லாததுதாண்ணே தப்பு. எங்களுக்கு எப்படித் தெரியும்? ராமலட்சுமி மதினி மாசமா இருக்கயில அவ சாக்குல நாந்தான் கொழுந்து போட்டேன். அந்த மாதிரி நெனச்சுதான்..."

"அது கம்பெனிய ஏமாத்துனது. இப்ப என்னயில்லா ஏமாத்திட்டீங்க."

அருண்பாண்டி அடுப்பைப் பற்ற வைத்தான். ரிசார்ட்டில் நாலு வகைக் குழம்பு வைக்கிறவன், அன்றைக்கு உப்புக் குறைவாகக் கஞ்சி வைத்தான். அதைக் குடித்துவிட்டு, தூக்கம் வந்ததால் தூங்கினார்கள். சண்டை போடக் கூட உடம்பில் தெம்பில்லை என்று பெரியமுத்து பிறகு சொன்னான்.

காலையில் மற்றவர்கள் எழுந்து வருவதற்குள் ஈஸ்வரன் எல்லாவற்றையும் கட்டிவிட்டிருந்தான். குக்கர், அடுப்பு, கூடாரம், கம்பி, மிச்ச அரிசி, தண்ணீர் நிறைத்த கேன் எல்லாம் ஒரே பையில்.

"மச்சான், வேணாம். கீழ போயி வேற நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றான் அருண்பாண்டி.

"வேற நாளு ஏதுடே? புதன்கெழம வாறேன்னு சொல்லியாச்சு. யாரும் கிட்ட வராதீங்க."

ஏறும்போது மறைத்ததை முழங்கால் இறங்கும்போது மறைக்காது. புல்வெளி முடிந்து கல்லும் வேருமாகப் பாதை செங்குத்தாகச் சரிகிற இடம். ஈஸ்வரன் முதல் கல்லில் கால் வைத்தான். அடுத்த கல்லுக்கு வலது காலைக் கொண்டுபோனபோது அது நிற்கவில்லை, நடுங்கியது. மரத்தைப் பிடித்துக்கொண்டான். இடது காலை வைத்துப் பார்த்தான். பையின் பாரம் அவனை முன்னால் தள்ளியது. பின்னால் மூன்று பேரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். கிட்டே வராதே என்று சொல்லியிருக்கிறானே.

அவன் விழவில்லை. மெதுவாகத் திரும்பி, மேட்டில் முதுகைச் சாய்த்து, பை வாரை ஒரு தோளிலிருந்தும் மறு தோளிலிருந்தும் தானே கழற்றினான். அப்படியே உட்கார்ந்தான். போனில் அங்கேயும் ஒரு கோடு சிக்னல் காட்டியது.

"சாரே, ஈஸ்வரன். புதன்கெழமைக்கு வேற ஆளப் பாத்துக்கங்க... இல்ல, அப்பறமும் இல்ல. கால் வய்யா, இனி முடியாது."

ரிஜின் சரி என்றான், உடம்பைப் பார்த்துக்கொள் என்றான், வேறு ஒரு போன் வருகிறது என்று வைத்துவிட்டான். இத்தனை வருட வேலை இவ்வளவு சீக்கிரம் முடிகிற பேச்சா என்று நினைத்துக்கொண்டே ஈஸ்வரன் போனைச் சட்டைப் பைக்குள் வைத்தான்.

இந்து பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பையைத் தொடவில்லை.

"எடுக்கட்டாண்ணே?"

"எடு" என்றான்.

அவன் பார்க்கவே ஒவ்வொன்றாக எடுத்து மூன்றாகப் பிரித்தார்கள். பெரியமுத்து காலிப் பையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். அருண்பாண்டி தோளைக் கொடுத்தான். ஈஸ்வரன் அதைப் பிடித்து எழுந்து இறங்கினான். ஊர் வந்து சேரச் சாயங்காலம் ஆகிவிட்டது. வழியில் ஒரே ஒரு தடவைதான் பேசினான்.

"ராமலட்சுமிகிட்ட நானே சொல்லிக்கிடுதேன். நீங்க யாரும் முந்திச் சொல்லிராதீங்க."