தேவராஜ் செய்த கிளைடர்

போன ஞாயிற்றுக்கிழமை ஆவடிக்குப் போயிருந்தேன். துக்கம் விசாரிக்க. கல்லூரி நண்பன் தேவராஜ் போய்விட்டான்... மாரடைப்பு. என் வயதுதான். அறுபதைக்கூடத் தொடவில்லை.

ஹாலில் அவன் படத்துக்கு மாலை. பக்கத்தில் ஃப்ரேம் போட்ட ஒரு பழைய போட்டோ. பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதில் கோட்டு போட்டுக்கொண்டு சிரிப்பது – நான். கையில் ஒரு கிளைடர், எஞ்சின் இல்லாத மாதிரி விமானம். அருகில் பெங்களூரிலிருந்து வந்த விமான விஞ்ஞானி.

இந்தப் பக்கத்தில் என் அசட்டுத்தனங்களை எவ்வளவோ சொல்லியிருக்கிறேன். இதை மட்டும் சொன்னதில்லை.

எண்பதுகளில் நாங்கள் மெக்கானிக்கல் படித்தோம். இரண்டு பேருக்கும் விமானப் பைத்தியம். கல்லூரியில் விமானவியல் மன்றம் என்று ஒன்று. நான் செயலாளர் – மைக் என்றால் எனக்கு உயிர். தேவராஜ் வெறும் உறுப்பினர். மைக்கைக் கண்டால் அவனுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் அந்தக் கை! அப்படி ஒரு வேலைக்காரக் கையை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை.

விமான ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு மாதப் பயிற்சி கிடைப்பது அப்போது குதிரைக்கொம்பு. கிடைத்தால் அந்தத் துறையில் வேலைக்கு ஒரு பிடி. தேவராஜ் இரண்டு வருடமாக மனு போட்டான். பதிலே இல்லை. அப்பா ஃபேக்டரித் தொழிலாளி. சிபாரிசுக்கு யார் இருக்கிறார்கள்?

அந்த வருட மன்ற விழாவுக்கு ஆறடி இறக்கையோடு ஒரு கிளைடர் செய்தான். மூன்று மாத வேலை. குவார்ட்டர்ஸ் வீட்டில் சாப்பிட உட்காரும் இடத்தை அடைத்துக்கொண்டு, இலேசான பால்சா மரத்தை பிளேடால் சீவிச் சீவி... இறக்கையை அம்மாவின் புடவையில் சுற்றி, மின்சார ரயிலில் கூடைக்காரர்கள் ஏறும் பெட்டியில் நின்றபடியே கொண்டுவந்தான்.

மன்றத்தில் ஒரு வழக்கம். யார் செய்தாலும் பக்கத்தில் வைக்கும் அட்டையில் மன்றத்தின் பெயர் மட்டும்தான். விருந்தினருக்கு விளக்குவது செயலாளர். மற்றவர்கள் நாற்காலி போடுவார்கள், காபி கொண்டுவருவார்கள்.

விஞ்ஞானி கிளைடரைத் தூக்கிப் பார்த்தார். இறக்கையைத் தடவினார். நீயா செய்தாய் என்று கேட்டார்.

இல்லை சார் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆமாம் சார் என்றேன்.

கிளைடரை என் கையில் கொடுத்து, கோடையில் பெங்களூர் வா, பயிற்சி தருகிறேன், ஒருவருக்குத்தான் இடம் என்றார். திரும்பினால்... காபி டிரேயோடு தேவராஜ். எல்லாம் கேட்டிருக்கிறான். டிரேயை நீட்டினான். அந்த நேரம் பார்த்துத்தான் போட்டோகிராபர் கிளிக் செய்தார்.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில், அவருக்கு நாளைக்கே லெட்டர் எழுதி உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

“விடு மாமே. அப்பால ரெண்டு பேருக்குமே இல்லாம பூடும். நீயாவது போ.”

நான் எழுதவில்லை. போனேன். அந்தச் சான்றிதழால்தான் வேலை கிடைத்தது. சில வருடங்களில் அதுவும் அலுத்துப்போய், விட்டுவிட்டு எழுத வந்தேன். தேவராஜ் கடைசிவரை அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் சூப்பர்வைசர். எப்போது பார்த்தாலும் விமானத்தைப் பற்றியே கேட்பான். நான் பேச்சை மாற்றுவேன். ஒரு மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை, பாவி நான்.

போட்டோவையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் மனைவி பக்கத்தில் வந்தார்.

“யார் வந்தாலும் இதைக் காட்டுவாருண்ணா. ‘என் பிரெண்டு கையால பண்ணது’ம்பாரு. நீங்க பண்ணலியான்னு ஒரு நாள் கேட்டேன். எனக்கு அதெல்லாம் வராதுன்னுட்டாரு.”

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. அதைச் செய்தவன் அவன்தான்மா என்று சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அழவில்லை, திட்டவில்லை. போட்டோவுக்கு அருகில் போய் நின்றார்.

“அப்ப இதுல அவரு எங்கண்ணா?”

ஓரத்தைக் காட்டினேன். பாதி வெட்டுப்பட்ட ஒரு டிரே. அதைப் பிடித்திருக்கும் நான்கு விரல்கள். அவ்வளவுதான் தேவராஜ்.

அந்த அம்மா புடவைத் தலைப்பால் கண்ணாடியின் அந்த ஓரத்தை மட்டும் மெதுவாகத் துடைத்தார்.

அந்தக் காபியைக் குடித்ததும் நான்தான்... அதையும் சொல்லித் தொலைக்கிறேன்.