சீல் பிரிக்காத பெட்டி

மகளின் கல்யாணச் சீருக்காக நான் வாங்கிய டிவி, ஏறக்குறைய ஒரு வருடம் எங்கள் வீட்டில் பெட்டிக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தது. படுக்கப் போட்டால் திரை கீறல் விட்டுவிடும் என்று கடையில் சொல்லியிருந்தார்கள். அதனால் பீரோவுக்குப் பக்கத்தில் நிற்க வைத்து, என் பழைய நூல் சேலை ஒன்றைச் சுற்றி வைத்தேன். பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் வீடு இரண்டே அறை. பெட்டி வந்த பிறகு சமையலறைக்குப் போகிறவர்கள் உடம்பை ஒருக்களித்துத்தான் போக வேண்டியிருந்தது. என் வீட்டுக்காரர் கம்பெனி பஸ் ஓட்டுகிறார். டியூட்டி முடிந்து வந்து சட்டையைக் கழற்றும்போது, அந்தப் பெட்டியைப் பார்த்து, "இன்னா, தொரை நின்னுகினே தூங்குறாரா?" என்பார். டிவிக்கு எங்கள் வீட்டில் தொரை என்றே பெயர் நிலைத்துவிட்டது.

நான் ஒரகடத்தில் கார் சீட்டுக்கு உறை தைக்கும் கம்பெனியில் வேலை செய்கிறேன். படிப்பு பத்தாவது. நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்குப் பேச்சு வராது. லைனில் பக்கத்து மெஷினில் இருப்பவள் கேட்டால் பதில் சொல்வேன், நானாக ஆரம்பிக்க மாட்டேன். அப்படிப்பட்டவள் அந்த டிவியைப் பற்றி மட்டும் கேட்காதவர்களிடம்கூட சொல்லிக்கொண்டிருந்தேன். எவ்வளவு பெரியது, சுவரில் மாட்டினால் எப்படி இருக்கும், சத்தம் எப்படி வரும் என்று, ஓடவிட்டே பார்க்காத ஒரு சாமானைப் பற்றி அத்தனை பேச்சு.

வாங்கியது ஆடித் தள்ளுபடியில். எங்கள் பக்கம் அதுதான் பழக்கம். ஆடியில் கல்யாணம் வைக்க மாட்டோம். ஆனால் கல்யாணத்துக்கு வேண்டிய கட்டில், பீரோ, பாத்திரம் எல்லாவற்றையும் ஆடியில் வாங்கிப் போட்டுவிடுவோம். தை மாதம் கல்யாணம் என்று பேசியிருந்தது. கார்த்திகையில் மாப்பிள்ளையின் பெரியப்பா தவறிவிட்டார். பங்காளி வீட்டுச் சாவு, கொஞ்சம் ஆறட்டும் என்று மணிமங்கலத்து மாப்பிள்ளை வீட்டார் வைகாசிக்குத் தள்ளினார்கள். எங்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

இடையில் ஒரு நாள் வீட்டுக்காரர், பெட்டியைப் பிரித்து ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம் என்றார். நான் விடவில்லை. மண்டபத்தில் சீர் பரப்பும்போது கம்பெனி ஒட்டிய டேப் அப்படியே இருக்க வேண்டும். பிரித்து ஒட்டியது தெரிந்தால், பழைய டிவியைத் துடைத்துக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று சொல்ல ஆள் இருக்கும். அடுத்த தெருக் கல்யாணம் ஒன்றில் அப்படிச் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். அந்தப் பெண்ணின் அம்மா பந்தியில் உட்காராமலே போய்விட்டாள்.

எங்கள் கல்யாணத்தில் அப்படி எதுவும் நடக்கவில்லை. பெட்டியின் நாலு மூலைக்கும் மஞ்சள் குங்குமம் வைத்து, கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தினோம். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் குனிந்து டேப்பைத் தடவிப் பார்த்தார்கள். "சீல்கூட பிரிக்கல பாரு" என்று ஒருத்தி மற்றவளிடம் சொன்னது என் காதில் விழுந்தது. எனக்குப் போதுமாக இருந்தது.

ஆடி பிறந்ததும் மகளை வீட்டுக்கு அழைத்து வந்தோம். தலை ஆடி. மாதம் முழுக்க என்னோடு இருந்தாள். நான் வேலை முடிந்து வந்து முகம் கழுவியதும் முதலில் கேட்பது டிவியைத்தான்.

"சூப்பரா இருக்குதும்மா" என்பாள்.

ஒவ்வொரு நாளும் அதையேதான் சொன்னாள். நானும் ஒவ்வொரு நாளும் சந்தோஷப்பட்டேன்.

ஆவணியில் அவள் மணிமங்கலம் திரும்பிப் போன பிறகு, ஒரு நாள் ஷிப்ட் முடிந்து லாக்கரிலிருந்து போனை எடுத்தால், அவள் இரண்டு மூன்று தடவை கூப்பிட்டிருந்தாள். பஸ்ஸில் ஏறியபடியே பேசினேன். டிவியில் படம் வரவில்லை, சத்தம் மட்டும் வருகிறது, சர்வீஸுக்குச் சொல்லியிருக்கிறோம், பில்லை எடுத்துக்கொண்டு நீ வா என்றாள். பஸ்ஸில் எல்லோரும் பேசிக்கொண்டு வந்தார்கள். எனக்கு எதுவும் கேட்கவில்லை.

டிவி போனதுகூட எனக்குப் பெரிதில்லை. என் மகளும் என்னைப் போலத்தான், யார் என்ன சொன்னாலும் முழுங்கிக்கொள்வாள். அவள் மாமியார் வாய்த்துடுக்கான பெண். கல்யாணத்தன்று பாயசத்தைக் குடித்துவிட்டு, "சம்பந்தி வூட்ல யாருக்காவது சக்கரை வியாதியா?" என்று கேட்டவர். உங்கம்மா வூட்டு டிவி மாதிரிதான் நீயும் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அது ஆயுசுக்கும் அந்த வீட்டில் ஒட்டிக்கொள்ளுமே என்றுதான் பயம். வீட்டுக்காரரிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அன்றைக்கே பிரிக்கச் சொன்னேனே என்பார். மகளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மட்டும் சொல்லி, லீவு போட்டுக் கிளம்பினேன்.

நான் போனபோது சர்வீஸ் ஆள் வந்திருந்தார். டிவியைச் சுவரிலிருந்து இறக்கி, பாயில் போர்வை விரித்துக் கவிழ்த்து வைத்திருந்தார். முதுகு திறந்து கிடந்தது. அத்தனை பெரிய சாமானுக்குள் இவ்வளவு கொஞ்சம்தானா இருக்கிறது என்று பார்க்கவே அதிர்ச்சியாக இருந்தது. கொஞ்ச நேரம் அங்கங்கே தொட்டுப் பார்த்துவிட்டு, படம் வரும் திரை, அந்தப் பேனலே போய்விட்டது, அதைத்தான் மாற்ற வேண்டும் என்றார். எவ்வளவு ஆகும் என்று மகள் கேட்டாள். டிவி வாங்கிய விலையில் முக்கால்வாசி வரும் என்றார். மகளின் மாமியார் காபி டம்ளரோடு வாசற்படியில் அப்படியே நின்றுவிட்டார்.

நான் பயப்படவில்லை. வாரண்டி இருக்கிறதே. பையிலிருந்து பில்லை எடுத்து நீட்டினேன். அதற்காகவே பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தேன்.

அவர் தேதியைப் பார்த்தார். "வாரண்டி போன மாசமே முடிஞ்சிடுச்சுக்கா."

பெட்டியைப் பிரித்ததே வைகாசியில்தான், மூன்று மாதம்கூட ஓடவில்லை என்றேன். மண்டபத்தில் நூறு பேர் பார்க்க டேப் ஒட்டியபடி இருந்தது என்றேன். என் வாழ்க்கையில் வெளி ஆளிடம் அவ்வளவு சத்தமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"நீங்க எப்போ பிரிச்சீங்கன்றது கணக்கு இல்லக்கா. பில் போட்ட தேதிதான் கணக்கு. பொட்டிக்குள்ள சும்மா நின்னாலும் வாரண்டி ஓடிக்கினுதான் இருக்கும்" என்றார். பாவம், பொறுமையாகத்தான் சொன்னார்.

எங்கள் கம்பெனி ஸ்டோரில் பஞ்சு ஒட்டும் பசை டின் டின்னாக அடுக்கியிருக்கும். மூடியே திறக்காவிட்டாலும் தேதி தாண்டினால் அது குப்பைக்குத்தான். தேதி பார்த்து முன்னால் வந்த டின்னை முன்னால் எடுக்கும் வேலையை நானே செய்திருக்கிறேன். சேலை சுற்றி நான் காத்த ஒவ்வொரு நாளும் என் டிவியிலும் அப்படித்தான் தேதி ஓடியிருக்கிறது. யாரும் ஒருநாளும் பார்க்காத டிவிக்கு வயசாகிக்கொண்டிருந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

செலவை நான் கொடுத்துவிடுகிறேன் என்று சம்பந்தியம்மாவிடம் சொன்னேன். குரல் எனக்கே கேட்கவில்லை. தீபாவளி போனஸ் வந்ததும் என்றேன். அவர் காபியைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். இதோ வரப்போகிறது அந்த வார்த்தை என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நீங்க எதுக்கு சம்பந்தி குடுக்கணும்?" என்றார். "ஆடிலயே அதுல ஒரு கோடு வுழுந்துச்சு. மேல இருந்து கீழ வரைக்கும், பச்சையா. பொண்ணு அம்மா வூட்டுக்குப் போயிருக்க சொல்லோ சீர் சாமான்ல குறை சொன்னா நல்லாவா இருக்கும்? பில்லு வேற உங்க கிட்ட. பொண்ணு திரும்பி வந்ததும் பாத்துக்கலாம்னு வுட்டுட்டேன்."

சர்வீஸ் ஆள் ஸ்க்ரூவை முடுக்கிக்கொண்டே, அப்போது ஒரு போன் பண்ணியிருந்தால் காசில்லாமல் மாற்றிக் கொடுத்திருப்பார்களே என்றார்.

சம்பந்தியம்மா என் தொடையில் தட்டினார். "நீங்க பொட்டியத் தொறக்கல, நான் வாயத் தொறக்கல. நல்ல சம்பந்தம்தான் நம்மது." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். ஆனால் கண் டிவியின் மேல்தான் இருந்தது.

ஊரெல்லாம் வாய்த்துடுக்கு என்று சொல்லும் பெண், என் மரியாதைக்காக ஒரு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார். எதற்குப் பயந்து வந்தேனோ அது இங்கே இல்லவே இல்லை. மகளைப் பார்த்தேன். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்மா. அவரு அப்பவே போட்டோ எடுத்து அனுப்புனாரு."

"ஏண்டி சொல்லல?"

"தெனமும் வந்ததும் வராததுமா, டிவி எப்டி கீதுன்னு கேப்ப. உன் மூஞ்சியப் பாத்து எப்டிம்மா சொல்றது?"

அவள் என் பக்கத்துப் பாயில் படுத்துக்கொண்டு, போனில் பச்சைக் கோடு விழுந்த போட்டோவை வைத்துக்கொண்டு, சூப்பரா இருக்குது என்று சொல்லியிருக்கிறாள். நான் கேட்கக் கேட்க வாரண்டியின் கடைசி நாட்கள் ஓடியிருக்கின்றன. அவள் வாயைத் திறக்க முடியாமல் செய்தது மாமியார் இல்லை, நான்தான்.

பேனலை மாற்றுவதா வேண்டாமா என்று அன்றைக்கு யாரும் முடிவு செய்யவில்லை. வந்து பார்த்ததற்கான கூலியை மகளே சர்வீஸ் ஆளுக்குக் கொடுத்தாள். டிவியைத் திரும்பவும் சுவரில் மாட்டச் சொன்னார் சம்பந்தியம்மா. வெறும் சுவரைப் பார்த்தால் வருகிறவர்கள் கேட்பார்களாம். பரணிலிருந்து அவர்களுடைய பழைய குண்டு டிவியை இறக்கி, அதற்குக் கீழே ஸ்டூலில் வைத்தார்கள். ஒரு அடி அடித்ததும் அதில் படம் வந்தது. நான் கிளம்பும்போது மாமியாரும் மருமகளும் அதன் எதிரில் உட்கார்ந்திருந்தார்கள். மேலே தொரை கறுப்பாகத் தொங்கிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து சமையலறைக்குப் போகும்போது உடம்பு தானாக ஒருக்களித்துக்கொண்டது. பீரோ பக்கத்தில் பெட்டி இல்லாமல் போய் எவ்வளவோ நாளாகிறது. வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"இன்னா, தொரை எப்டி கீறாரு?"

"சூப்பரா இருக்காரு" என்றேன்.

அடுப்பைப் பற்றவைக்கப் போன கை அப்படியே நின்றது. மகள் சொன்ன அதே குரலில், கொஞ்சமும் தடுமாறாமல் சொல்லியிருந்தேன்.