வாசலில் நின்ற ஆள் போன பிறகு

நேற்று பாரிசில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில் மயிர் வெட்டப் போனேன். நிலம் துடைத்த ஜாவெல் மணமும் பக்கத்தில் இருந்தவர் அள்ளிப் பூசியிருந்த மல்லிகை சென்ட்டும் ஒன்றாக வந்து மூக்கில் ஏறின. "அண்ணை, தலையை ஆட்டாதையுங்கோ" என்று வெட்டுகிற தம்பி இரண்டுதரம் சொல்லிவிட்டான். அந்த மணத்துக்கு நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாயிரத்து ஒன்பதில் வந்து, இன்னொருவருடைய வதிவிட அட்டையில், அவருடைய பெயரில் வேலை செய்த காலத்தில் அந்த மணத்துக்குள்தான் என் காலைகள் போயின. பெண்கள் உடை களைந்து ஆடும் கிளப் ஒன்றைக் கழுவித் துடைப்பது என் வேலை. வீட்டுக்கு ஹோட்டல் வேலை என்று சொல்லியிருந்தேன். ஊரில் எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள், வேறு என்னத்தைச் சொல்வது?

காலையில் அங்கே ஆட்டம் பழக வருகிறவள் மிலேனா. கிழக்கு ஐரோப்பாக்காரி. கம்பளிக் காலுறையும் பழைய ஸ்வெட்டருமாக அவளைப் பார்த்தால் நடனக்காரி என்று நம்பமாட்டீர்கள். அங்கே கோப்பை கழுவிய எங்கள் பெடியள் இரண்டு பேரைப் பார்த்து அவளும் என்னை "அண்ணை" என்பாள். உடம்பில் மினுங்க ஒட்டுவதற்கு ஒட்டுப்பொட்டு வாங்கிவரச் சொல்வாள். "என்ன தம்பி, ஆருக்கு இவ்வளவு பொட்டு? எங்களுக்குச் சொல்லாமல் கலியாணம் முடிச்சிட்டீரோ?" என்று அதே தெருவில் இருந்த தமிழ்க் கடைக்காரர் கேட்பார். நான் அசடு வழிவேன்.

அதே கடைக்காரர்தான் ஒருநாள் கிளப்பை மூடக் கேட்கும் மனுக் கடதாசியை நீட்டினார். "பிள்ளையள் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போற பாதை. இந்தக் கறுமத்தை மூடவேணும். ஒரு கையெழுத்து வையும்."

வைக்காவிட்டால் சந்தேகம் வருமே. யாருடைய பெயரில் வைப்பது என்று மட்டும் ஒரு நிமிடம் யோசித்தேன். பிறகு எல்லாரையும்விடப் பெரிதாக வைத்தேன். கோப்பை கழுவிய அந்த இரண்டு பெடியளும் எனக்குக் கீழே வைத்திருந்தார்கள்.

சில மாதத்தில் கிளப்பைத் தடைசெய்து பூட்டினார்கள். வாசலில் காவலுக்கு நின்ற, மாலி நாட்டிலிருந்து வந்த மாலிக்காரனுக்கும் வேலை போனது. ஆடுகிற பெண்கள் மேல் எவனாவது கை வைத்தால் அவன்தான் கொலரில் பிடித்துத் தெருவில் விடுவான்.

மிலேனா தெருவில் என்னை மறித்தாள். அவளுடைய பிரெஞ்சை நம்முடைய தமிழில் எழுதுகிறேன். "ஆட்டத்தை நிப்பாட்டினவை, பாக்கிற ஆம்பிளையளை நிப்பாட்டேல்லை அண்ணை. இப்ப வீடுகளுக்குக் கூப்பிடுகினம். அங்கை வாசலில ஆள் இல்லை. போகேக்கை உங்களுக்கு விலாசம் அனுப்புறன். ஒரு மணித்தியாலத்துக்குள்ள திரும்ப ஒண்டும் வராட்டி, பொலிசுக்குப் போன் அடியுங்கோ."

"ஓம்" என்றேன். கையெழுத்து வைத்ததைச் சொல்லவில்லை.

ஏழு தரம் விலாசம் வந்தது, ஏழு தரமும் பின்னாலேயே, திரும்பிவிட்டதாக ஒரு செய்தி வந்தது. எட்டாவது, புதன்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு. பாரிசுக்கு வெளியே சென் தெனியில் ஒரு மாடிக்கட்டடம், ஏழாம் மாடி. நான்கு மணியாகியும் ஒன்றும் வரவில்லை. பொலிஸ் நம்பரில் ஒரு எண்ணை அமத்திவிட்டு நிறுத்தினேன். உன் பெயர் என்ன என்று கேட்பார்களே, எந்தப் பெயரைச் சொல்வேன்? மறந்திருப்பாள் என்று என்னையே ஏமாற்றினேன். ஆறு மணிக்கு மெட்ரோ பிடித்துப் போனேன். வாசல் கதவு கோட் நம்பர் அமத்தாமல் திறக்கவில்லை. கீழே நின்று ஏழாம் மாடியை எண்ணிப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். அவளுடைய தொலைபேசி பிறகு வேலை செய்யவேயில்லை.

இப்போது அந்தக் கிளப் இல்லை, மாலிக்காரன் இல்லை, அந்தப் பெண்களில் ஒருவரையும் காணவில்லை. தெரு துப்புரவாகிவிட்டதாம், கடைக்காரருக்குப் பெருமை. எனக்குச் சொந்தப் பெயரில் வதிவிட அட்டை கிடைத்துப் பிரெஞ்சுக் குடியுரிமையும் வந்துவிட்டது. நேற்று மயிர் வெட்டி முடிந்ததும் கதிரையிலிருந்து அப்படியே எழும்பி, துணிந்து பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். மரியாதையாக இருத்தி, காணாமல்போனவருடைய பெயரைக் கேட்டார்கள். மிலேனா என்பது மேடைக்கு வைத்த பெயர். அவளுடைய சொந்தப் பெயரை நான் ஒருநாளும் கேட்டதில்லை.